மருந்து தராமல் அனுப்பிய மருத்துவர்

கேள்வி:

எனக்கு 34 வயது. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். கணவரின் வேலைக்காக வந்து எட்டு வருஷமாகப் பாங்காக்கில் இருக்கிறோம். ஆறு வயதில் ஒரு மகள், சிசேரியன் பிரசவம். இரண்டு வருஷமாக மாதவிடாய் நாட்களில் அடிவயிற்றிலும் இடுப்பிலும் தாங்க முடியாத வலி. முன்பெல்லாம் நாலு நாளில் நின்றுவிடும். இப்போது ஏழெட்டு நாள் போகிறது, கட்டி கட்டியாகவும் போகிறது. தேதிக்கு ஒரு வாரம் முன்பே யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன். அப்புறம் தனியாக உட்கார்ந்து அழுகிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் தாய்லாந்துத் தோழி, "உனக்கு லியட் லொம் சரியில்லை" என்று சொல்லி, மருந்துக்கடையில் 'பிரசா பிளை' என்ற கேப்சூல் வாங்கித் தந்தாள். சாப்பிடுமுன் கேட்டுக்கொள்ளலாம் என்று ஓர் அரசு மருத்துவமனையின் பாரம்பரிய மருத்துவப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். எந்த மாதம் பிறந்தீர்கள், ரத்தம் என்ன நிறம், வருமுன் கோபம் வருமா காய்ச்சல் வருமா, பிரசவத்துக்குப் பின் நெருப்பருகே படுத்தீர்களா, கீழே விழுந்ததுண்டா, மலச்சிக்கல் உண்டா என்றெல்லாம். மணிக்கட்டிலும் பாதத்திலும் நாடி பார்த்தார், வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்தார். கடைசியில், "இந்தக் கேப்சூலைச் சாப்பிடாதீர்கள்" என்று சொல்லி, அதே மருத்துவமனையின் மகளிர் மருத்துவப் பிரிவுக்கு ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். மசாஜும் செய்யவில்லை.

அவர்களுடைய மருந்தையே அவர்கள் வேண்டாம் என்றால் அந்த வைத்தியத்தை எப்படி நம்புவது? அத்தனை கேள்வியும் எதற்கு? பிறந்த மாதத்துக்கும் வயிற்று வலிக்கும் என்ன சம்பந்தம்? திரும்ப அங்கே போகலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாங்காக்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நான் எழுதுவதை அங்கே காத்திருக்கும் நேரத்தில் படித்துக்கொள்ளலாம். மருந்து தராமல் அனுப்பிய அந்த மருத்துவர் தன் வைத்தியத்தைக் கைவிடவில்லை. அந்த வைத்தியம் கற்றுக்கொடுத்த விதமாகவே நடந்துகொண்டார். முக்கால் மணி நேரம் அவர் கேட்ட கேள்விகள்தான் உங்களை அந்தக் கேப்சூலிலிருந்து காப்பாற்றின.

நான் சித்த மருத்துவம் படித்துவிட்டு, பாங்காக்கில் தங்கித் தாய்லாந்துப் பாரம்பரிய மருத்துவம் கற்றவள். அதனால் உங்கள் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் தோழி சொன்ன சொல்

தாய்லாந்து மருத்துவத்தில் உடம்பு நான்கு பூதங்களின் கூட்டு: மண், நீர், காற்று, நெருப்பு. பௌத்த நூல்களின் வழியில் வந்த கணக்கு இது. மண்ணின் கூறுகள் 20, நீரின் கூறுகள் 12, காற்று 6, நெருப்பு 4, ஆக மொத்தம் 42. ரத்தம் நீரின் கூறு. நீர் தானாக நகராது. அதைத் தள்ளக் காற்று வேண்டும், உறையாமல் வைத்திருக்கச் சூடு வேண்டும். ஆறு காற்றுகளில் ஒன்று பாதத்திலிருந்து தலைக்கு ஏறுவது, இன்னொன்று தலையிலிருந்து பாதத்துக்கு இறங்குவது. சித்த மருத்துவத்தில் அபானனைக் 'கீழ்நோக்குங்கால்' என்கிறோம். மலம், சிறுநீர், மாதவிடாய், பிரசவம் எல்லாம் அதன் பொறுப்பு. இரண்டு மரபுகளும் இங்கே மிகப் பக்கத்தில் நிற்கின்றன.

'லியட்' என்றால் ரத்தம், 'லொம்' என்றால் காற்று. மாதவிடாய் தள்ளிப் போனாலும், தலை சுற்றினாலும், முகம் வெளுத்தாலும் தாய்லாந்துப் பெண்கள் 'லியட் லொம் சரியில்லை' என்று சொல்வது வழக்கம். நம் வீடுகளில் 'வாயு', 'உடம்புச் சூடு' என்று சொல்வதைப் போன்ற பொதுவான பேச்சு அது. உங்கள் தோழி அன்போடுதான் சொன்னாள். ஆனால் காற்று எங்கே தடைப்பட்டது, சூடு கூடியதா குறைந்ததா என்று பிரித்துப் பார்க்காமல் அந்தச் சொல்லை மட்டும் வைத்து மருந்து எடுக்கக் கூடாது. பிரித்துப் பார்ப்பதற்குத்தான் அத்தனை கேள்வியும்.

மாதவிடாய்க்கு அவர்களுடைய பழைய மருத்துவச் சொல் 'ரடூ'. பருவகாலத்துக்கு அவர்கள் சொல்லும் 'ருடூ' என்பதும் அதே வேர்ச்சொல்தான். இரண்டும் 'ருது' என்ற வடசொல்லிலிருந்து போனவை. பெண் பெரியவளானதை 'ருதுவாகிவிட்டாள்' என்று நம் பாட்டிகள் சொன்ன சொல்லும் அதுவே. பருவம் தவறிப் பெய்யும் மழையைப் பார்த்து உழவர் நிலத்தையும் வானத்தையும் சேர்த்து யோசிப்பார் அல்லவா? அப்படித்தான் ரடூ பிசகினால் அந்த மருத்துவர்கள் கருப்பையோடு நிற்காமல் தூக்கம், சாப்பாடு, வேலை, மனசு என்று சுற்றி வருகிறார்கள்.

பிறந்த மாதம் எதற்கு?

நோயின் பிறப்பிடத்தை அவர்கள் பல பக்கமிருந்து தேடுவார்கள். ஒன்று, பிறப்பில் அமைந்த பூதம். வீட்டுக்கு எஜமானர் போல உடம்புக்கு ஒரு பூதம் உண்டு என்பது நம்பிக்கை. இன்று பரவலாக வழங்கும் கணக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர் நெருப்பு, ஏப்ரல் முதல் ஜூன் வரை காற்று, ஜூலை முதல் செப்டம்பர் வரை நீர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்.

அடுத்தது வயது. பிறந்ததிலிருந்து 16 வயது வரை கபம், 16 முதல் 32 வரை பித்தம், அதற்கு மேல் வாதம். அவர்கள் 'செம்ஹா, பித்தா, வாதா' என்று சொல்வது நாம் சொல்லும் சிலேட்டுமம், பித்தம், வாதம்தான். உங்களுக்கு 34 வயது. அவர் கணக்கில் காற்றின் காலத்துக்குள் அண்மையில் நுழைந்தவர் நீங்கள். பிறகு பருவகாலம்: வெயிலில் பித்தம், மழையில் வாதம், குளிரில் கபம். நோய் எந்த நேரத்தில் கூடுகிறது என்பதும், எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும்.

இவற்றின் மேல் எட்டுக் காரணங்களையும் விசாரிப்பார்கள்: ஒவ்வாத உணவு, ஒரே நிலையில் உட்கார்வது அல்லது நிற்பது, அளவு மீறிய வெப்பமும் குளிரும், தூக்கம், சோறு, தண்ணீர் இல்லாமல் கிடப்பது, மலசலத்தை அடக்குவது, சக்திக்கு மீறிய உழைப்பு, துக்கம், கோபம். மலச்சிக்கல் உண்டா என்று கேட்டது இதனால்தான். அதை இன்றைய மகளிர் மருத்துவரும் கேட்பார். மாதவிடாய் நாட்களில் மட்டும் மலம் கழிக்கும்போது வரும் கடும் வலி, கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயின் குறியாக இருக்கலாம்.

இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பிறந்த மாதத்துக்கும் மாதவிடாய் வலிக்கும் தொடர்பு இருப்பதாக நம்புவதற்கு ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. அந்தக் கேள்வியை மரபின் வணக்கம் போல ஏற்றுக்கொள்ளுங்கள். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். வயது, உழைப்பு, தூக்கம், துக்கம் பற்றிய கேள்விகள் அப்படியல்ல. எந்த மருத்துவமானாலும் கேட்டே ஆக வேண்டியவை அவை.

ஐந்து இடத்துக் குருதி

வருமுன் கோபமா, காய்ச்சலா என்று கேட்டதற்கு ஒரு நூல் பின்னணி இருக்கிறது. ஐந்தாம் ராமா மன்னர் காலத்தில், 1870இல், சிதறிக் கிடந்த வைத்தியச் சுவடிகளைத் திரட்டிச் சரிபார்க்கும் வேலை தொடங்கியது. பின்னால் அச்சான 'பைத்சாத் சோங்க்ரோ' என்ற தொகுப்பில் 'மகாசோதரத்' என்றொரு நூல் உண்டு. முழுக்க முழுக்கப் பெண்களின் நோய்களையும் மாதக் குருதியையும் பற்றியது. கர்ப்பம், பிரசவம், குழந்தை ஆகியவற்றைப் 'பிரதோம் சிந்தா' என்ற இன்னொரு நூல் பேசுகிறது.

மகாசோதரத் மாதக் குருதியை அது பிறக்கும் இடத்தை வைத்து ஐந்தாகப் பிரிக்கிறது. இதயத்திலிருந்து பிறப்பதானால், வருமுன் அந்தப் பெண் சீறுவாள், மனம் நிலைகொள்ளாமல் தவிப்பாள். பித்தப்பையிலிருந்து என்றால் காய்ச்சலும் பிதற்றலும் வரும். தசையிலிருந்து என்றால் தோல் காந்தும், செந்தடிப்புகள் எழும்பும். நரம்பு நாண்களிலிருந்து என்றால் குளிர்நடுக்கமும் தலைவலியும். எலும்பிலிருந்து என்றால் மூட்டுமூட்டாகக் கழன்று விழுவதுபோல வலி, இடுப்பும் முதுகும் ஓயாமல் நோகும்.

கருப்பை இருக்க இதயத்திலும் எலும்பிலும் மாதக் குருதி பிறக்காது என்பது நமக்குத் தெரியும். உடற்கூறாகப் படித்தால் இந்தப் பட்டியல் தவறுதான். ஆனால் வெவ்வேறு பெண்கள் மாதவிடாய்க்கு முன் வெவ்வேறு விதமாகத் துன்பப்படுகிறார்கள் என்பதை உட்கார்ந்து கேட்டுத் தொகுத்த பட்டியலாகப் படித்துப் பாருங்கள். மேலைநாட்டு மருத்துவத்தில், நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் மாதவிடாய்க்கு முந்தைய மன இறுக்கத்தைப் பற்றி எழுதியது 1931இல். உங்கள் எரிச்சலும் அழுகையும் குணக்கேடு அல்ல, மாதவிடாயோடு சேர்ந்த உடல் குறி என்று அந்தப் பழைய நூல் முன்பே ஓரிடம் ஒதுக்கி வைத்திருந்தது. நீங்கள் கடிதத்தில் சொன்ன இரண்டு துன்பங்களும், அதாவது மனம் கொதிப்பதும் இடுப்பு நோவதும், அதே பட்டியலின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் இருக்கின்றன.

இந்த ஐந்தும் இயல்பான குருதி தரும் தொல்லைகள். கெட்டுப்போன குருதி என்று வேறு ஐந்தையும் நூல் சொல்கிறது: தேதி தவறித் தேங்கியது, பிரசவத்தால் வந்தது, அடிபட்டதால் வந்தது, அழுகியது, உள்ளே கன்றிப் புதைந்தது. நிறத்தை விசாரித்தது இதற்காகத்தான். கறுத்து நாறுகிறதா, வெற்றிலை மென்று துப்பிய சாறு போலிருக்கிறதா, அரிசி கழுவிய நீர் போலிருக்கிறதா என்று அன்றாட வீட்டுப் பொருளோடு ஒப்பிட்டுத்தான் நூல் பேசுகிறது. ஒரு பெண்ணால் கூச்சமின்றிச் சொல்ல முடிந்த உவமைகள் இவை.

நிறத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது. மெல்ல வெளியேறும் ரத்தம் கறுத்துப்போவது இயற்கை; முதல் நாளும் கடைசி நாளும் பழுப்பாகத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. துர்நாற்றம் அப்படியல்ல. அதோடு காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்தால் கிருமித் தொற்று இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

'கீழே விழுந்ததுண்டா' என்ற கேள்வி அடிபட்ட குருதியைப் பற்றியது. மரத்திலிருந்து விழுந்ததையும், பிறர் அடித்து உதைத்ததையும் நூல் ஒன்றாகச் சேர்த்தே சொல்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் சில பெண்கள் வீட்டில் நடப்பதை முதல்முறையாக வாய் திறந்து சொன்னார்கள். நான் பயிற்சியில் இருந்தபோது கண்ணால் பார்த்தேன். அதனால் எந்தப் பெண்ணிடமும் இதைக் கேட்காமல் நான் விடுவதில்லை.

நெருப்பருகே படுத்தீர்களா?

பிரசவம் ஆன பெண்ணை நெருப்புக்குப் பக்கத்தில் சில நாட்கள் படுக்க வைப்பது தாய்லாந்தின் பழைய வழக்கம். 'யூ ஃபாய்' என்பார்கள். இப்போது பெரும்பாலும் அதற்குப் பதிலாக மூலிகை ஆவிக் குளியல், மூலிகைப் பொட்டலத்தால் ஒத்தடம், உப்பு நிரப்பிய சட்டியைச் சூடாக்கித் துணியில் கட்டி வயிற்றிலும் இடுப்பிலும் ஒற்றுவது என்று செய்கிறார்கள். பிரசவத்தில் ரத்தமும் சூடும் வெளியேறிவிடுகின்றன, அந்தக் குளிர்ச்சியைப் போக்காவிட்டால் பின்னால் மாதவிடாய் கெடும் என்பது அடிப்படை. நம் ஊரில் பிரசவ லேகியமும் வெந்நீர்க் குளியலும் பத்தியமும் இருப்பதற்கு ஏறக்குறைய இதே எண்ணம்தான் காரணம்.

யூ ஃபாய் செய்யாததால்தான் உங்களுக்கு இப்படி ஆனது என்று யாராவது சொன்னால், மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆறு வருஷத்துக்கு முன் தையல் புண்ணோடு இருந்த நீங்கள் சூட்டு ஒத்தடம் எடுக்காமல் இருந்திருந்தால் அதுவே சரி. தையல் நன்றாக ஆறும்வரை அது கூடாது என்பது அந்த மரபு மருத்துவர்களும் சொல்வதுதான். ஆனால் அந்தக் கேள்வியால் மருத்துவருக்கு ஒரு முக்கியமான செய்தி கிடைத்தது: உங்கள் கருப்பையில் ஓர் அறுவைத் தழும்பு இருக்கிறது. இன்றைய மருத்துவமும் அதைக் கவனிக்கும். தழும்பு இருந்த இடத்தில் சிலருக்குச் சிறு பள்ளம் விழுந்து, மாதவிடாய் முடிந்த பிறகும் ரத்தம் சொட்டுச் சொட்டாக நீளும்.

நாடியும் வயிறும்

அரண்மனை மரபில் வந்த மருத்துவர்கள் மணிக்கட்டு நாடியையும் பாதத்தின் மேல்புற நாடியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மேலே ஏறும் காற்றும் கீழே இறங்கும் காற்றும் சமமாக இருக்கின்றனவா என்று அறிவதற்கு. தொப்புளைச் சுற்றிப் புறப்படும் பத்து நாடிக் கோடுகளை 'சென் சிப்' என்பார்கள். அவற்றில் மூன்றின் பெயரைக் கேட்டால் உங்களுக்கே புரியும்: இத்தா, பிங்கலா, சுமனா. நம் சித்தர் மரபின் இடகலை, பிங்கலை, சுழுமுனைதான் அவை. 'சிக்கினி' என்ற கோடு பிறப்புறுப்புக்கும் பெண்களின் மாதவிடாய்க்கும் உரியது. பாங்காக்கின் வாட் போ கோயிலில் மூன்றாம் ராமா மன்னர் காலத்துக் கல்வெட்டுகளில் இந்த நாடிக் கோடுகளின் படங்களை இன்றும் பார்க்கலாம். அந்தக் கல்வெட்டுத் தொகுதியை யுனெஸ்கோ 2011இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

உங்கள் வயிற்றை மருத்துவர் மெல்லத் தொட்டுப் பார்த்து நிறுத்திக்கொண்டார் அல்லவா? அதுவும் மதிப்பீட்டின் ஒரு பகுதி. வயிற்றில் கட்டி தட்டுப்பட்டாலோ, ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ, கர்ப்பம் என்ற ஐயம் இருந்தாலோ அழுத்தி மசாஜ் செய்யக் கூடாது.

கேப்சூலை ஏன் மறுத்தார்?

பிரசா பிளை நல்ல மருந்துதான். தாய்லாந்தின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம் பெற்றது. மாதவிடாய் வலிக்கும், தள்ளிப்போகும் அல்லது குறைவாகப் போகும் மாதவிடாய்க்கும் கொடுப்பது. 'பிளை' என்பது இஞ்சி இனத்துக் கிழங்கு. வெட்டினால் உள்ளே மஞ்சளாக இருக்கும். மருந்தில் அது 81 பங்கு. மக்ரூட் என்ற எலுமிச்சை வகையின் தோல், வசம்பு, பூண்டு, சின்ன வெங்காயம், மிளகு, திப்பிலி, இஞ்சி, மஞ்சள் இனத்துக் கிழங்கு ஒன்று, கருஞ்சீரகம், இந்துப்பு ஆகிய பத்தும் தலைக்கு 8 பங்கு. கற்பூர வகை 1 பங்கு. கூட்டிப் பாருங்கள், மற்ற எல்லாம் சேர்ந்து 81. மூல மூலிகையும் மற்றவையும் தராசில் சமமாக நிற்கும் கூட்டுக்குத்தான் 'பிரசா' என்று பெயர்.

இந்தப் பட்டியலில் பாதி உங்கள் சமையலறைச் சாமான். பெரும்பாலானவை சூடு. குளிர்ந்து தேங்கிய ரத்தத்தைக் காய்ச்சிக் காற்றைக் கீழே தள்ளும் மருந்து இது. தேங்கியவருக்கு அது உதவும். ஏற்கெனவே ஏழெட்டு நாள் கட்டி கட்டியாகப் போகிறவருக்குக் கொடுத்தால்? அதிக ரத்தப்போக்கு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், காய்ச்சல் கண்டவர்களும் இதை எடுக்கக் கூடாது என்பது அந்த மருந்துக்கு விதிக்கப்பட்ட தடை. மிளகும் திப்பிலியும் சேர்ந்திருப்பதால் சில ஆங்கில மருந்துகள் ரத்தத்தில் கலக்கும் அளவும் மாறலாம். உங்கள் தோழி வாங்கித் தந்த மருந்து உங்களுக்குப் பொருந்தாமல் போனது இப்படித்தான்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஓர் இளம்பெண் வந்தாள். பத்து நாள் தள்ளிப் போயிருந்தது, கைகால் ஜில்லிட்டிருந்தது, வயிறு உப்பியிருந்தது. குளிர்ச்சியால் தேக்கம் என்று எனக்கு நானே முடிவுகட்டி, சூடான மருந்தை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். பக்கத்து மேசையிலிருந்த என் ஆசிரியை, "குழந்தை தங்கியிருக்குமா என்று கேட்டாயா?" என்று கேட்டார். கேட்கவில்லை. சோதித்துப் பார்த்தால், அவள் கர்ப்பமாக இருந்தாள். அன்று நான் எழுதியிருக்கக்கூடிய அந்த ஒரு வரியை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. மதிப்பீடு என்பது எந்த மருந்து கொடுக்கலாம் என்று தேடுவது மட்டுமல்ல, யாருக்கு எதைக் கொடுக்கவே கூடாது என்று கண்டுகொள்வதும்தான் என்பதை அன்று கற்றேன்.

உங்களுக்கு என்னவாக இருக்கலாம்?

மாதவிடாய் வலி பெரும்பாலும் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருளால் வருவது. அது கருப்பையை இறுக்கிச் சுருக்குகிறது. பூப்படைந்து ஓரிரு ஆண்டுகளில் தொடங்கி, மாதாமாதம் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகிற வலி இந்த வகை. முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கி வருஷத்துக்கு வருஷம் கூடும் வலிக்கும் ரத்தப்போக்குக்கும் உள்ளே வேறு காரணம் இருக்கலாம். கருப்பையின் உள்சவ்வு அதன் தசைச் சுவருக்குள் புகுந்துவிடும் அடினோமையோசிஸ், கருப்பைக்கு வெளியே அதே போன்ற திசு வளரும் எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு கட்டி, உட்சவ்வில் வளரும் சதை, தைராய்டு கோளாறு இப்படி. எண்டோமெட்ரியோசிஸ் மட்டுமே உலகில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேரைப் பாதிக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலருக்கு 'பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்' என்ற பேச்சிலேயே ஆண்டுகள் போய்விடுகின்றன.

இவற்றில் எது உங்களுக்கு என்று நாடியோ பூதமோ சொல்லாது. ஸ்கேனில் தொடங்க வேண்டும். அதோடு ஹீமோகுளோபின், இரும்புச் சத்தின் இருப்பு, தைராய்டு, கர்ப்பப் பரிசோதனை ஆகியவற்றையும் கேளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. எட்டு நாள் ரத்தம் போகிறவருக்கு அது வர நாளாகாது. உங்கள் எரிச்சலில் அதற்கும் பங்கிருக்கலாம்.

இன்றைய அளவுகோலையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததின் முதல் நாள்வரை 24 முதல் 38 நாட்கள் வரை இருப்பது இயல்பு. ரத்தப்போக்கு எட்டு நாளுக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் அந்த எல்லையைத் தொட்டு நிற்கிறீர்கள். முன்பு நாலு நாளாக இருந்தது எட்டானது அதைவிடப் பெரிய செய்தி.

நாப்கின் ஒரு மணி நேரத்துக்கொன்று வீதம் தொடர்ந்து நனைந்தாலோ, மயக்கம் வந்தாலோ, தேதி தள்ளிப்போன பின் ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலி வந்தாலோ எந்தச் சீட்டுக்கும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

பாரம்பரிய மருத்துவரிடம் திரும்பப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். தாய்லாந்தில் இந்தத் தொழிலுக்கென்று 2013இல் தனிச் சட்டம் வந்தது. மருத்துவம், மருந்தாக்கம், பிரசவம் பார்த்தல், மசாஜ் ஆகியவற்றுக்கு உரிமம் தனித்தனி. உரிமம் உள்ளவரிடம் மட்டும் போங்கள். மருந்துக்கடையில் 'பெண்களுக்கான டானிக்' என்று விற்பவற்றை நீங்களாக வாங்க வேண்டாம். சிலவற்றில் ஆல்கஹாலும் உண்டு.

இளநீர் குடித்தால் மாதவிடாய் நின்றுவிடும், ஐஸ் போட்ட தண்ணீர் ரத்தத்தை உறையவைக்கும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதற்கு ஆதாரமில்லை, இளநீர் பிடித்தால் குடியுங்கள். வயிற்றுக்கு மிதமான சூட்டு ஒத்தடம் வலியைக் குறைக்கும். இதில் இரண்டு மருத்துவங்களும் ஒத்துப்போகின்றன.

அந்த முக்கால் மணி நேரக் கேள்விகளிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகத் தகுந்தவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு மாற்றித் தருகிறேன். மூன்று மாதம் எழுதுங்கள்:

1. தொடங்கிய தேதி, நின்ற தேதி.

2. ஒவ்வொரு நாளும் எத்தனை நாப்கின், எவ்வளவு நனைந்தது. கட்டி போனால் எவ்வளவு பெரியது.

3. நிறம், மணம், இடையில் வெள்ளைப்படுதல் இருந்தால் அதன் தன்மை.

4. வலி எங்கே, எந்த நேரம், எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. மலம் கழிக்கும்போதும் தாம்பத்தியத்தின்போதும் வலிக்கிறதா.

5. வருமுன் உள்ள வாரத்தில் மனசு, தலை, தோல், மூட்டு எப்படி இருந்தன, காய்ச்சல் வந்ததா.

6. அந்த மாதம் தூக்கம், வேலைச் சுமை, துக்கம், கோபம்.

ஐந்தாவது வரி மகாசோதரத்தின் ஐந்து இடங்கள். ஆறாவது வரி எட்டுக் காரணங்களின் சுருக்கம். முதல் இரண்டும் எந்த மகளிர் மருத்துவரும் உங்களிடம் முதலில் கேட்பவை. அவருடைய நேரம் பத்து நிமிஷமாக இருந்தாலும் இந்த நோட்டு இருந்தால் உங்கள் மூன்று மாதத்தையும் அவர் பார்த்துவிடலாம். அதற்காக ஸ்கேனை மூன்று மாதம் தள்ளிப்போட வேண்டாம். அது இந்த வாரம்.

ஸ்கேன் அறிக்கை வந்ததும் அதை எடுத்துக்கொண்டு பாரம்பரிய மருத்துவரையும் பாருங்கள். தான் தொட்டு நிறுத்திய வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியட்டும். ரத்தப்போக்கு கட்டுக்குள் வந்த பிறகு ஒத்தடமோ உணவு முறையோ சொல்லித்தர அவரிடம் நிறைய இருக்கும்.

அந்தக் கேப்சூலை உங்கள் தோழியிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது, உனக்கு எத்தனை நாள் போகிறது, வலி எப்படி இருக்கிறது என்று அவளிடமும் கேளுங்கள். அவளிடம் அதை இதுவரை யாரும் கேட்காமலே இருந்திருக்கலாம்.